ஒரே உழைப்பு, இரண்டு கூலி

ஏழை, பணக்காரன் என்ற பிளவு நம் நாட்டில் ஏன் இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் மூன்று விடைகளுள் ஒன்றைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். தலையெழுத்து என்பார் சிலர். படிப்பில்லை, திறமையில்லை என்பார் சிலர். நாடே ஏழை நாடு, பங்கிட என்ன இருக்கிறது என்று கையை விரிப்பார் வேறு சிலர். இம்மூன்று விடைகளையும் சோதித்துப் பார்க்கப் பெரிய நூலகம் எதுவும் தேவையில்லை. தென்காசியில் பேருந்து ஏறிச் செங்கோட்டை வழியாகப் புளியறை வரை போனால் போதும்.

புளியறையை நம்மில் பெரும்பாலோர் தட்சிணாமூர்த்தி கோவிலுக்காக அறிவோம். வியாழக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். சாரல் காலத்தில் அங்குள்ள பச்சை வயல்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோரும் உண்டு. அந்த வயல்களைத் தாண்டியதும் சோதனைச் சாவடி, அதற்கப்பால் எஸ் வளைவு, மேலே கோட்டைவாசல், அத்துடன் தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஊர் ஆரியங்காவு, கேரளம். இந்தச் சாலையில் விடியற்காலையில் மேற்கே போகிறவர்கள் எல்லாரும் பக்தர்களும் அல்லர், சுற்றுலாப் பயணிகளும் அல்லர். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயிண்டர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர் எனப் பல தொழில் செய்வோர் தூக்குச் சட்டியோடு மலையேறுகிறார்கள். சிலர் மாலையில் திரும்புகிறார்கள். சிலர் சனிக்கிழமை இரவில்தான் திரும்புகிறார்கள். நம் கல்லூரியிலும் விடுமுறை நாட்களில் அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வருகிற நண்பர்கள் உண்டு. பெயர் சொன்னால் கூச்சப்படுவார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர் என்பது என் கருத்து.

ஏன் போகிறார்கள்? இந்திய ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டைப் புரட்டினால் விடை கிடைக்கும். 2022-23ஆம் ஆண்டில் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டில் 500 ரூபாய் 90 காசு. விவசாயக் கூலி கேரளத்தில் 764 ரூபாய். தமிழ்நாட்டில் 470 ரூபாய். அகில இந்தியச் சராசரியோடு ஒப்பிட்டால் நம் மாநிலம் தாழ்ந்ததன்று, உயர்ந்தது என்றே சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் மலையைத் தாண்டினால் கட்டட வேலைக்கு நாளொன்றுக்கு 350 ரூபாய்க்கு மேல் கூடுகிறது. ஆண்டில் 250 நாள் வேலை என்று கணக்கிட்டால் வித்தியாசம் ஏறத்தாழ 88,000 ரூபாய். ஒரு குடும்பம் கடனில் இருப்பதா, ஓட்டுக்கூரையைத் தளமாக மாற்றுவதா, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா என்பதெல்லாம் இந்த 88,000 ரூபாய்க்குள்தான் அடங்கியிருக்கிறது.

இப்போது அந்த மூன்று விடைகளை எடுத்துப் பாருங்கள். மலையின் இந்தப் பக்கம் இருந்த அதே மனிதர்தானே அந்தப் பக்கமும் நிற்கிறார்? அவர் கையிலுள்ள கரண்டி அதே கரண்டி; மட்டப்பலகை அதே மட்டப்பலகை. காலை ஐந்து மணிக்குத் திறமையில்லாதவராக இருந்தவர் எட்டு மணிக்குத் திறமைசாலியாகிவிட்டாரா? கோட்டைவாசலில் யாராவது அவர் தலையெழுத்தை அழித்து எழுதினார்களா? உழைப்பின் அளவும் தரமும் மாறவில்லை. மாறியது உழைப்பவனுக்குக் கிடைக்கும் விலை மட்டுமே. அந்த விலையை உழைப்பு மட்டும் தீர்மானிக்கவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பின் எது தீர்மானிக்கிறது?

இயற்கை வளம் என்று சொல்வதற்கும் இடமில்லை. ஒரே மலை, மழையில் மட்டும்தான் சற்று ஏற்றத்தாழ்வு. அரசும் ஒன்றாகவே இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை செங்கோட்டை வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. புளியறையும் ஆரியங்காவும் ஒரே அரசின் கீழ் இருந்த ஊர்கள். மொழிவாரி மாநிலப் பிரிவினையில் நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பொருளியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அதில் இருக்கிறது. ஒரே மண்ணில் ஒரு கோடு கிழித்து, இருபுறமும் வெவ்வேறு சட்டங்களும் வெவ்வேறு அரசியலும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே ஒரு சோதனைக்கூடம்.

கேரளத்தின் உயர்ந்த கூலிக்கு வளைகுடாப் பணம்தான் காரணம் என்று உடனே சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1970களுக்குப் பிறகு பல லட்சம் மலையாளிகள் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். போனவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன. வீடு கட்ட ஆள் இல்லாமல் போயிற்று. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலிக்காரருக்குக் கிராமப் பஞ்சாயத்தானால் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. குடிகிடப்பு உரிமை என்று அதைச் சொல்வார்கள்.

10 சென்டில் என்ன விளைந்துவிடும் என்று கேட்கலாம். நான்கு தென்னை, ஒரு பலா, கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கு. ஆனால் அதில் விளைந்தது வேறொன்று. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருப்பவன் கூலி உயர்வு கேட்டால் மறுநாள் குடிசை இருக்காது. சொந்த மண்ணில் குடிசை போட்டிருப்பவன் கேட்டால் குடிசை அங்கேயே இருக்கும். அதிகம் போனால் நான்கு நாள் வேலை போகும். "மாட்டேன்" என்று சொல்வதற்கு ஓர் ஏழைக்கு நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் அந்த 10 சென்ட் கொடுத்தது. அதன் மேல் சங்கம் வந்தது. சங்கத்தின் மேல் 1974ஆம் ஆண்டின் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. வளைகுடாப் பணம் வந்தபோது பேரம் பேசத் தெரிந்த ஒரு தொழிலாளி வர்க்கம் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

நம் மாநிலம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1971இல் குடியிருப்பு மனைகளை அனுபவதாரருக்கே உரிமையாக்கும் சட்டம் இங்கேயும் வந்தது. சத்துணவு 1982இல் விரிந்தது. 2008இல் ஒரு ரூபாய் அரிசி. 2011 முதல் விலையில்லா அரிசி. இந்த அரிசியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "ரேஷன் அரிசி வந்ததிலிருந்து வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்" என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நிலக்காரர்கள் அலுத்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். அந்தப் பேச்சைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கு அரிசி இருப்பதால், கேட்ட கூலிக்கு உடனே குனிந்துவிடாமல் ஒருவன் ஒரு நாள் யோசிக்கிறான். சோம்பல் என்று நாம் பெயர் வைத்திருப்பது அந்த ஒரு நாள் யோசனைக்குத்தான். வியாபாரி சரக்கை நல்ல விலை வரும் வரை கிடங்கில் வைத்தால் அதைச் சாமர்த்தியம் என்கிறோம்!

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. கூலியை உயர்த்திய கேரளத்தில் 1970களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் வயல் இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. நம் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரி போகாவிட்டால் அங்கே பல வீடுகளில் சாம்பார் இல்லை. கொல்லத்தின் புகழ்பெற்ற முந்திரித் தொழிலும் நொடித்தது. கூலியை உயர்த்தினால் தொழில் ஓடிவிடும், பிறகு கூலி எங்கே, வேலை எங்கே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஓடிய தொழில் எங்கே ஓடியது என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டாமா?

கொல்லத்தில் குறைந்தபட்சக் கூலி உயர உயர, முந்திரி முதலாளிகளில் பலர் எல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆலைகளைக் கொண்டுவந்தனர். அதுவும் செங்கோட்டையைப் போலவே 1956இல் கோடு மாறிய பூமிதான். அங்கே அவற்றை அண்டி ஆபீஸ் என்கிறார்கள். ஆபீஸ் என்றால் நாற்காலியும் மின்விசிறியும் என்று எண்ணிவிட வேண்டாம். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கும் பெண்கள் தரையில் அமர்ந்திருப்பார்கள்; ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் தோல் வெந்து கறுத்திருக்கும். கொல்லத்திலும் பெண்கள்தான், குமரியிலும் பெண்கள்தான். உடைக்கும் கொட்டையும் ஒன்றே. கூலி மட்டும் குறைந்தது. ஓடிய தொழில் உலகத்தை விட்டு ஓடவில்லை. இன்னும் ஏழையான ஒருத்தியைத் தேடி ஓடியது.

அந்தக் கொட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் கதை ஆப்பிரிக்காவைத் தொடுகிறது. நம் ஆலைகளுக்குத் தேவையான பச்சைக் கொட்டையில் பெரும்பங்கு தான்சானியா, மொசாம்பிக், ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. இவற்றுள் மொசாம்பிக் 1975இல் போர்த்துகீசியரிடமிருந்து விடுதலை பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை முந்திரி விளைச்சலில் உலகில் முன்னணியில் நின்ற நாடு. சொந்த மண்ணில் கொட்டையை உடைத்துப் பருப்பாக்கும் ஆலைகளும் அங்கே இருந்தன. பச்சைக் கொட்டை வெளியே போய்விட்டால் உள்நாட்டு ஆலை பட்டினி கிடக்கும் என்பதால் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் வரியும் விதித்திருந்தார்கள். 1990களில் உலக வங்கி அந்த வரியைக் குறைக்கச் சொன்னது. கடனுக்கு அது ஒரு நிபந்தனை. வரி குறைந்தால் வியாபாரி அதிக விலை கொடுப்பான், ஏழை விவசாயி பிழைத்துக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு.

நடந்தது என்ன? 2001ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் சுமார் 11,000 முந்திரி ஆலைத் தொழிலாளரில் 8,500 பேர் வேலையிழந்தனர். விவசாயிக்காவது கிடைத்ததா? மெக்மில்லன், ரோட்ரிக், வெல்ச் என்ற மூன்று பொருளியலாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரி முந்திரி விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து டாலர்! மீதி இடையில் நின்ற வியாபாரிகளுக்குப் போயிற்று. கொட்டை யாரிடம் வந்தது? இந்தியாவுக்குத்தான் வந்தது. மொசாம்பிக்கில் ஒரு பெண்ணின் கையிலிருந்து பறிபோன வேலை கடல் கடந்து கொல்லத்துப் பெண்ணிடம் வந்தது. கொல்லத்துப் பெண் கூலி கேட்டாள், அது குமரிப் பெண்ணிடம் வந்தது. இப்போது வியட்நாமின் இயந்திரங்களிடம் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவரையொருவர் பார்த்தே இராத இந்தப் பெண்களை ஒருத்திக்கு எதிராக இன்னொருத்தியாக நிறுத்தியவர் யார் என்று யோசித்தால், ஏற்றத்தாழ்வு எப்படி உற்பத்தியாகிறது என்பது விளங்கும். பணத்துக்குச் சோதனைச் சாவடி இல்லை. அது எந்தக் கணவாயையும் கடலையும் ஒரே நாளில் தாண்டுகிறது. தொழிலாளியோ தூக்குச் சட்டியோடு தனியாகத் தாண்டுகிறாள்.

நம் மாவட்டத்தின் பெரிய தொழில் பீடி. கடையநல்லூரிலிருந்து ஆலங்குளம் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து இலை நறுக்கும் தாய்மாரைக் காணலாம். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களிலேயே அந்த முறத்தின் வருமானத்தில் கல்விக் கட்டணம் கட்டியவர்கள் எத்தனை பேர்! பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையை வாங்கியவர்களும் நம்மில் உண்டு. அந்த நல நிதிக்கு ஆதாரமாக இருந்த தனி வரி 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அது பொது வரவுசெலவுத் திட்டத்தின் தயவில் இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலையில் பாதி ஓட்டை, இருந்தாலும் கணக்கு குறையக் கூடாது. பீடிக்கடையில் கழிவு என்று ஒதுக்கும் கட்டுக்குக் காசில்லை. அவள் ஏன் எதிர்த்துக் கேட்பதில்லை? அவரவர் திண்ணையில் அவரவர் தனியாக இருக்கிறார்கள் என்பதே காரணம். ஆலை என்ற ஒன்று இருந்தால்தானே வாசலில் கூட்டம் கூட முடியும்?

இதே பீடித் தொழில் கேரளத்தின் வடகோடியில் கண்ணூரிலும் இருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு 1968இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, மங்களூர் முதலாளிகள் கிளைகளை மூடிவிட்டுப் போனார்கள். சுமார் 12,000 பேர் ஒரே அடியில் தெருவுக்கு வந்தனர். முந்திரியின் கதைதான் இங்கேயும் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 1969 பிப்ரவரியில் அந்தத் தொழிலாளர்களே அரசின் உதவியோடு தினேஷ் பீடி என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சட்டம் சொன்ன கூலியும் விடுமுறையும் சேமநல நிதியும் கொடுத்துக்கொண்டே அது வளர்ந்தது. உச்சத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். பீடி உடலுக்குக் கேடு, விற்பனையும் விழுகிறது என்றானபோது உணவுப் பொருள், குடை என்று வேறு சரக்குக்கும் மாறினார்கள். நல்ல கூலி கொடுத்தால் தொழில் செத்துவிடும் என்ற பல்லவியைப் பாடுகிறவர்கள் இந்த ஒரு சரணத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

கேரளத்தைச் சொர்க்கம் என்று நான் வரையவில்லை. கொத்தனாருக்கு 850 ரூபாய் கொடுக்கும் அதே மாநிலத்தில், மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு 2015இல் நாட்கூலி 232 ரூபாய்! ஆணாதிக்கச் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு அவர்கள் தாங்களே சாலையில் உட்கார்ந்த பிறகே அது 301 ஆயிற்று. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயம் எனப்படும் வரிசை வீடுகளில் உறங்கியவர்களில் 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். அந்த வீடு கம்பெனியின் வீடு. வேலை போனால் வீடும் போகும். 10 சென்டின் அருமை அந்த லயங்களை நினைத்தால்தான் முழுதாகப் புரிகிறது.

இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடு உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினரிடம் சென்றது, சொத்தில் 40.1 விழுக்காடு அவர்கள் கையில். கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்து வருமானத்தில் 15 விழுக்காடு. உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட கணக்கு இது. பங்கிட ஒன்றுமில்லாத நாட்டில் இந்தக் கணக்கு வராது.

இனி, நம்முன் இருக்கும் பிரச்சினைக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குப் பதிலாக, 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எந்த மாநிலமும் கீழே போகக் கூடாத ஓர் அடித்தளக் கூலியை மத்திய அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு அடித்தளக் கூலி வைக்கலாம் என்று அடுத்த வரியிலேயே ஒரு சந்தையும் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தின் வழியாகத்தான் முந்திரி ஆலை கொல்லத்திலிருந்து குமரிக்கு வந்தது என்பதை நாம் அறிவோம். வாழ்க்கைச் செலவு ஊருக்கு ஊர் மாறுகிறதே என்று நம் ஆசிரியப் பெருமக்களில் சிலர் வாதிடக்கூடும். மாறுகிறது. ஆனால் கேஸ் சிலிண்டரும் பருப்பும் மாத்திரையும் புளியறையில் ஒரு விலை, ஆரியங்காவில் இரண்டு விலை என்று விற்கவில்லையே! தரையைப் பள்ளமும் மேடுமாகப் போட்டால் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். பள்ளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். ஆகவே அடித்தளக் கூலி நாடு முழுவதற்கும் ஒன்றாக, வயிறாரச் சாப்பிட்டு மானமாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எந்த மாநிலம் எவ்வளவு உயர்த்தினாலும் உயர்த்திக்கொள்ளட்டும்.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். கல்லூரியில் இருக்கிற நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. தங்கள் வேலைக்கு அரசு எவ்வளவு கூலி நிர்ணயித்திருக்கிறது என்பதே நம் ஊர்த் தொழிலாளர் பலருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பார்கள்? பொருளியல் துறை மாணவர்கள் இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்கு இருவராகப் பிரிந்து, நடவுக்கு ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, கொத்தனாருக்கு எவ்வளவு, சித்தாளுக்கு எவ்வளவு, ஆயிரம் பீடிக்கு எவ்வளவு, கழிவு எத்தனை கட்டு என்று கேட்டுக் குறித்துவரலாம். பக்கத்திலேயே அரசு அறிவித்த தொகையையும், ஆரியங்காவில் கொடுக்கும் தொகையையும் எழுதி, பெரிய எழுத்தில் பேருந்து நிலையத்தில் ஒட்டலாம். செலவு ஒரு நோட்டும் சில தாள்களும்தான். சுரண்டை, பாவூர்சத்திரம், கடையநல்லூர், ஆலங்குளம் ஊர்களுக்கு ஆள் இருக்கிறார்கள். புளியறைக்கு இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் துறை அறையில் பெயர் கொடுக்கலாம்.